மோட்சம் எத்தனை மணிக்கு?



சற்று நீண்ட பதிவு. வேலை நேரத்தில் திறக்க வேண்டாம். இரவு சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு செய்தி சுற்றியது. 250 ஆண்டுகளுக்கு முன் புதுச்சேரியில் ஒரு தமிழர் காகிதமும் பேனாவும் இல்லாமல் சந்திர கிரகணத்தைக் கணித்தாராம். அவருக்கு 41 நொடிதான் பிசகியதாம். ஐரோப்பியர் கணக்கு 68 நொடி பிசகியதாம். இது உண்மையா என்று மூன்று பேர் எனக்குத் தனியாக எழுதிக் கேட்டிருந்தீர்கள். இன்னொருவர் குழுவிலேயே 'எல்லாம் கட்டுக்கதை' என்று போட்டுவிட்டார். அதற்குப் பிறகு அங்கே நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை.

செய்தி உண்மைதான். ஆனால் கதையில் பாதியைத்தான் அனுப்பியிருக்கிறார்கள். மீதிப் பாதியும் அதே புதுச்சேரியில்தான் கிடக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நம் முன்னோரை எதற்காகப் பாராட்ட வேண்டும் என்பது விளங்கும்.

முதல் பாதி. கியோம் லெ ஜென்டில் என்ற பிரெஞ்சு வானியலாளர் 1760-இல் கப்பலேறினார். 1761 ஜூன் 6 அன்று சுக்கிரன் சூரியனைக் கடந்துபோவதைப் புதுச்சேரியிலிருந்து பார்த்து அளக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். ஆனால் அப்போது இங்கே ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் போர். 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. நாம் பேருந்தில் போகும்போதெல்லாம் பார்க்கும் தியாகதுருகம் மலைக்கோட்டையும் அதே போரில், அதே ஆண்டில்தான் அவர்கள் கைக்குப் போனது. பாவம், லெ ஜென்டில் கரையிறங்கவே முடியாமல் நடுக்கடலில் கப்பலிலிருந்து சுக்கிரனைப் பார்த்தார். ஆடுகிற கப்பலில் எதை அளப்பது?

மனிதர் விடவில்லை. அடுத்த கடப்பு 1769-இல் என்பதால் இந்தியப் பெருங்கடல் பகுதியிலேயே தங்கிவிட்டார். 1768-இல் புதுச்சேரிக்கு வந்து, இடிந்து கிடந்த கோட்டைப் பகுதியில் ஒரு வானோக்குக் கூடம் அமைத்தார். 1769 ஜூன் 4 காலை, புதுச்சேரியில் சூரியன் உதிக்கும்போதே சுக்கிரன் அதன் முகத்தில் இருந்தது. உதயத்திலிருந்து ஒரு மணி நேரம் சொச்சம்தான் பார்க்க முடியும். அந்த நேரம் பார்த்து மேகம் மூடிக்கொண்டது. எல்லாம் முடிந்த பிறகு வெயில் பளிச்சென்று அடித்தது. கீழ்வானத்தை நம்பி எட்டு ஆண்டு காத்திருந்தவர் கதை இப்படி முடிந்தது.

ஆனால் புதுச்சேரியில் அவர் சும்மா இருக்கவில்லை. உள்ளூர்த் தமிழர் ஒருவரிடம் நம் கணித முறையைக் கற்றார். சோழிகளை நகர்த்தி நகர்த்திக் கிரகணம் கணிக்கும் வேகத்தைப் பார்த்து வியந்து எழுதினார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் நீடித்த நேரத்தைத் தமிழர் கணக்கு 41 நொடி குறைவாகக் காட்டியது. டோபியாஸ் மேயர் என்ற ஜெர்மானியரின் அட்டவணைகள் 68 நொடி கூடுதலாகக் காட்டின. வாட்ஸ்அப் செய்தியின் வேர் இதுதான். நம் கணக்கில் சொன்னால் 41 நொடி இரண்டு விநாழிகைகூட இல்லை.

இனி மற்ற பாதி. சுமார் 60 ஆண்டு கழித்து, அதே புதுச்சேரி. ஜான் வாரன் என்ற படை அதிகாரி, பிரெஞ்சுக்காரர், ஆங்கிலக் கம்பெனியில் வேலை பார்த்தவர். சென்னை வானோக்குக் கூடத்தைச் சில ஆண்டுகள் கவனித்தவர். கோலார்த் தங்கத்தைப் பற்றிக் கம்பெனிக்கு எழுதியவரும் இவர்தான். நம் பஞ்சாங்க முறைகளையெல்லாம் தொகுத்து 'கால சங்கலித' என்ற பெரிய நூலை 1825-இல் சென்னையில் வெளியிட்டார்.

அவர் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதரைச் சந்தித்தார். அந்த மனிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, எந்த ஏட்டையும் பார்க்காமல், மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டே 1825 மே 31, ஜூன் 1 இடைப்பட்ட இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கோட்பாடு எதுவும் அவருக்குத் தெரியாது, நினைவாற்றல்தான் அவர் சொத்து என்று வாரன் குறிக்கிறார். கணக்கு எப்படி வந்தது? தொடக்கத்தில் 4 நிமிடம் பிசகு. நடுவில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம், அதாவது இரண்டு நாழிகைக்கும் மேல்.

41 நொடியைப் போற்றுகிறவர்கள் இந்த 52 நிமிடத்தை அனுப்புவதில்லை. 52 நிமிடத்தைக் காட்டிக் கேலி செய்கிறவர்கள் 41 நொடியை அனுப்புவதில்லை. இரண்டும் ஒரே ஊர், ஒரே சோழி. வரலாறு படித்தவன் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத வேண்டும்.

சரி, ஒரு கிரகணம் எப்போது முடிகிறது என்பதை அத்தனை துல்லியமாக யாரால் பார்க்க முடியும்? இங்கேதான் வானத்தின் கதைக்கு வருகிறோம்.

வெயில் நேரத்தில் உங்கள் தெரு மின்கம்பத்தின் நிழலைப் பாருங்கள். கம்பத்தின் அடியில் நிழலின் ஓரம் கோடு போட்டது போல இருக்கும். நிழலின் நுனியில் ஓரம் கலங்கிப் பூசினது போல இருக்கும். சூரியன் புள்ளியாக இல்லாமல் தட்டாக இருப்பதே காரணம். ஓரத்தில் சூரியனின் ஒரு பகுதி மறைந்தும் ஒரு பகுதி தெரிந்தும் இருக்கிறது. பூமியின் நிழலும் இப்படித்தான். நடுவில் இருப்பது கருநிழல். அதைச் சுற்றி இருப்பது புறநிழல். சந்திரன் இருக்கும் தொலைவில் கருநிழலின் குறுக்களவு சந்திரனைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். அதைச் சுற்றியுள்ள புறநிழல் வளையத்தின் அகலம் ஏறக்குறைய ஒரு நிலா அளவு. சந்திரன் தன் அகலத்தைக் கடக்கச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும். ஆகவே கருநிழலை விட்டு வெளியே வந்த பிறகும் ஒரு மணி நேரத்துக்குமேல் அது புறநிழலில் நடந்துகொண்டிருக்கும்.

புறநிழலில் நிலா கறுக்காது. லேசாக மங்கும், அவ்வளவுதான். கருநிழலை ஒட்டிய பகுதியில் மட்டும் ஒரு புகை படிந்தது போலத் தெரியும். வெளி ஓரத்தில் கண்ணுக்கு எதுவுமே தெரியாது. இந்த மங்கல் படிப்படியாக ஏறுவதால் கருநிழல் எங்கே முடிகிறது, புறநிழல் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. போதாததற்கு நம் காற்றுமண்டலமும் நிழலைச் சுமார் ஐம்பதில் ஒரு பங்கு பெரிதாக்கிவிடுகிறது. தொலைநோக்கி வைத்துப் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இருவர்கூட ஒரே கிரகணத்தின் முடிவை ஒரு நிமிடம் முன்பின்னாகக் குறிப்பார்கள்.

இப்போது அந்த 41 நொடியை மறுபடி பாருங்கள். அது கண்ணின் தடுமாற்றத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. மேயரின் 68 நொடியும் ஏறக்குறைய அப்படித்தான். யார் ஜெயித்தார் என்று பந்தயம் கட்ட அங்கே இடமில்லை. ஓரமே இல்லாத நிழலுக்கு இருவரும் அழகாக ஓரம் போட்டிருக்கிறார்கள், அவ்வளவே. ஆனால் 52 நிமிடம் அப்படி இல்லை. அது கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற பிசகு.

நம் பழைய நூல்களில் புறநிழலுக்குக் கணக்கு இல்லை. ஆரியபடர் 499 வாக்கிலேயே சந்திரனை மறைப்பது பூமியின் நிழல் என்று எழுதிவிட்டார். அதே நூலில், சூரியனில் எட்டில் ஒரு பங்கு மறைந்தாலும் அதன் ஒளியால் கண்ணுக்குத் தெரியாது என்றும் சொல்கிறார். கண்ணுக்குத் தெரியாததைக் கிரகணம் என்று எண்ண வேண்டாம் என்பது அவர்கள் நிலை. பஞ்சாங்கத்தில் ஸ்பரிசம், மத்யம், மோட்சம் என்று போடுவதெல்லாம் கருநிழலுக்குத்தான். 2020-இல் நான்கு சந்திர கிரகணங்கள் வந்தன. நான்கும் புறநிழல் கிரகணங்களே. ஜனவரி 10 நள்ளிரவில் பலர் மொட்டைமாடிக்குப் போய் 'எங்கே கிரகணம்?' என்று கேட்டுவிட்டுத் திரும்பிவந்தார்கள். திருக்கார்த்திகைக்கு மறுநாள், நவம்பர் 30 அன்று வந்தது, நம் கீழ்வானத்தில் நிலா ஏறுவதற்கு முன்பே முடிந்துபோனது.

இந்த விஷயம் நம் குடும்பத்துக்குள்ளேயே ஒருமுறை வந்து நின்றது. 2022 நவம்பர் 8, செவ்வாய்க்கிழமை, ஐப்பசிப் பௌர்ணமி. அன்று முழுக் கிரகணம். ஆனால் முழு மறைப்பு மாலை 5.11-க்கே முடிந்துவிட்டது. நம் ஊரில் நிலா உதித்தது 5.45 வாக்கில். ஏறக்குறைய பாதி மறைந்தபடியே எழுந்தது. பஞ்சாங்கக்காரர்கள் இதைக் கிரஸ்தோதயம் என்பார்கள், பிடிபட்டபடியே உதிப்பது. கருநிழல் விலகியது 6.19. புறநிழல் விலகியது 7.26.

நம் உறவில் ஒரு பெண் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. வீட்டில் பஞ்சாங்கம் 6.19 என்கிறது. யாரோ போனில் பார்த்து, 7.26-க்குத்தான் முடிகிறது என்கிறார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று பெரியவர்கள் பிந்தியதைப் பிடித்துக்கொண்டார்கள். மதியத்திலிருந்து அந்தப் பெண் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. ஆறே முக்காலுக்கு எனக்குப் போன் வந்தது. முதலில் பிள்ளைக்குச் சோறு போடுங்கள், பிறகு கணக்குப் பேசலாம் என்றேன்.

பெரியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். கிரகணத்தால் வயிற்றுப் பிள்ளைக்கு எதுவும் ஆகாது. பட்டினியால்தான் ஆகும். அதை ஒருபுறம் வைத்தாலும், அந்த 7.26-க்கு யார் பொறுப்பு? சாஸ்திரம் பார்ப்பவருக்கு அப்படி ஒரு நேரமே கிடையாது, பஞ்சாங்கத்தில் அது இல்லை. கண்ணால் பார்ப்பவருக்கும் கிடையாது, அந்த நிமிடத்தில் வானத்தில் எதுவும் மாறித் தெரியாது. அது வானியல் கணக்குப் புத்தகத்தில் மட்டும் இருக்கும் நேரம். அதைக் கொண்டுவந்து ஒரு பெண்ணின் சோற்றுத் தட்டுக்குக் காவல் வைத்துவிட்டோம்.

நம் கிராமங்களில் முன்பு உலக்கையைத் தாம்பாளத் தண்ணீரில் நிறுத்துவார்கள். நின்றால் கிரகணம் இருக்கிறது, விழுந்தால் விட்டுவிட்டது. அடி சமமாக இருந்தால் எந்த நாளிலும் உலக்கை நிற்கும் என்பதை நம் பள்ளிப் பிள்ளைகளே நிறுத்திக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பழக்கம் எதைத் தேடியது என்று யோசியுங்கள். முடிந்தது என்று சொல்ல ஒரு 'டக்' சத்தம் வேண்டியிருந்தது. வானம் அந்தச் சத்தத்தைத் தருவதில்லை. அதனால் உலக்கையிடம் கேட்டார்கள். இன்று போனிடம் கேட்கிறோம்.

நிலா அடிவானத்தில் இருந்தால் குழப்பம் இன்னும் கூடும். தலைக்கு மேல் இருக்கும்போது நிலவொளி கடக்கிற காற்றைப் போலச் சுமார் 40 மடங்கு காற்றை அது அடிவானத்தில் கடக்க வேண்டும். கரும்பாலைப் புகை, வயல் பனி, சாலைத் தூசி எல்லாம் சேர்ந்து சாதாரண நாளிலேயே நிலாவைச் சிவக்க வைத்து மங்க வைக்கும். அப்படியானால் மங்கலைப் பார்த்ததும் எது பூமியின் நிழல், எது கள்ளக்குறிச்சிப் புகை என்று எப்படிப் பிரிப்பது?

ஒரு வழி இருக்கிறது. காற்றும் தூசியும் நிலாவின் கீழ்ப்பக்கத்தைத்தான் அதிகமாக மங்க வைக்கும். ஏனென்றால் கீழ்விளிம்பு அடிவானத்துக்கு இன்னும் நெருக்கம். பூமியின் நிழலுக்கோ மேல் கீழ் கணக்கில்லை, அது தன் பாதையில் விலகும். 2022 நவம்பர் 8 மாலையில் நிழல் கடைசியாக விலகிய இடம் நிலாவின் மேல் வலது ஓரம். கிழக்கே நிலா எழும்போது, நிழலை விட்டு அது நழுவும் திசை கீழ்நோக்கி இருக்கும். நிழல் மேலே தங்கிவிடும். ஆக அன்று கீழே மங்கியிருந்தால் அது ஊர்ப் புகை. மேலே மங்கியிருந்தால் அது பூமி. 2026 மார்ச் 3 கிரகணமும் இதே வகைதான். நம் பக்கத்தில் நிலா உதித்து அரை மணிக்குள் கருநிழல் விலகும், 6.47-க்கு.

மலைமேல் இருப்பவருக்கு இதில் ஒரு சலுகை உண்டு. கல்வராயன் மலையின் கிழக்கு விளிம்பில், சமவெளியைவிட 600 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்கு அடிவானம் முக்கால் டிகிரிபோலத் தாழ்ந்திருக்கும். நமக்கு முன்பே, சுமார் 3 நிமிடம் முன்னதாக, நிலா தெரியும். கீழே கிடக்கும் தூசியும் அங்கே குறைவு. வைணு பாப்பு தன் தொலைநோக்கிகளுக்கு இடம் தேடியபோது, நம் மலைக்கு வடக்கே ஜவ்வாது மலையில் காவலூரைப் பிடித்தார். 1968 முதல் அங்கிருந்து வானத்தைப் பார்க்கிறார்கள்.

மறுபடி வரலாற்றுக்கு வருகிறேன். கணக்கு தவறினால் என்ன செய்வது என்பதற்கும் நம் முன்னோரே வழி காட்டியிருக்கிறார்கள். கேரளத்துப் பரமேசுவரர் சுமார் 55 ஆண்டுகள் கிரகணங்களைக் கண்ணால் பார்த்துப் பார்த்து, பழைய கணக்கோடு ஒத்துப்போகாததைக் குறித்து, 1431-இல் திருத்தமான ஒரு முறையை எழுதினார். அதற்குப் பெயர் திருக்கணிதம். 'திருக்' என்றால் பார்வை. பார்வையோடு ஒத்துப்போகும் கணிதம் என்று பொருள். நம் வீட்டுத் திருக்கணிதப் பஞ்சாங்கத்தின் பெயர் அங்கிருந்துதான் வருகிறது. அந்தத் 'திரு' மரியாதைக்குப் போட்ட 'திரு' இல்லை.

நானூறு ஆண்டுக்கும் மேல் கழித்து, சென்னை நுங்கம்பாக்கம் வானோக்குக் கூடத்தில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி வேலை பார்த்தார். 1867-இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தவர். அவரும், பார்த்ததற்கு ஏற்பப் பஞ்சாங்கத்தைத் திருத்துங்கள் என்று பேசினார். திருக்கணித முறையில் பஞ்சாங்கமும் வெளியிட்டார். 1880-இல் இறந்தார். இந்த இருவரும் தங்கள் முன்னோரை மதிக்காதவர்களா? முன்னோர் போட்ட கணக்கை வானத்தோடு வைத்துப் பார்த்துத் திருத்தியதுதான் அவர்கள் செய்த மரியாதை.

புதுச்சேரிச் சோழிக்காரரையும் நான் குறைவாக எண்ணவில்லை. 248 சந்திர வாக்கியங்களை நெஞ்சில் சுமந்து, தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த ஒன்றை அவர் எழுத்துப் பிசகாமல் காப்பாற்றினார். இன்ன இரவில் கிரகணம், ஏறக்குறைய இன்ன நேரத்தில் என்று தரையில் உட்கார்ந்தே சொன்னார். அது பெரிய காரியம். ஆனால் வாக்கியத்தைக் காப்பாற்றினால் மட்டும் போதாது, வானத்தையும் பார்க்க வேண்டும். 52 நிமிடம் நமக்குச் சொல்வது இதுதான். 41 நொடியை மட்டும் தூக்கிக்கொண்டு ஆடினால் அந்தப் பாடம் போய்விடும்.

இனி உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். 2027 பிப்ரவரி 21, ஞாயிறு விடியற்காலை. புறநிழல் கிரகணம். தொடக்கம் 2.42, உச்சம் 4.43, முடிவு 6.43. நிலாவின் அகலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் புறநிழலுக்குள் போகும். உச்ச நேரத்தில் நிலா மேற்கே, நீட்டிய கையின் மூன்று முஷ்டி உயரத்தில் இருக்கும். வெறும் கண்ணால் பார்க்கலாம், எந்த ஆபத்தும் இல்லை. வலப்பக்க மேல் ஓரத்தில் லேசான புகை தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு நிலா கல்வராயன் மலையை நோக்கி இறங்கும். அதன் முடிவை நம் ஊரில் யாரும் பார்க்கப்போவதில்லை. விடிந்துவிடும், மலையும் மறைத்துவிடும்.

உங்கள் கண்ணுக்கு மங்கல் எத்தனை மணிக்குத் தெரிய ஆரம்பித்தது, எத்தனை மணிக்குத் தெரியாமல் போனது, மங்கியது மேலா கீழா, இந்த மூன்றை மட்டும் ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள். கரியாலூர், வெள்ளிமலைப் பக்கம் இருப்பவர்கள் கட்டாயம் எழுதுங்கள். சிங்கப்பூர், துபாய், சென்னையில் இருப்பவர்கள் அந்தந்த ஊர் நேரத்தைப் போடுங்கள். நான் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி இங்கே போடுகிறேன். ஒருவருக்கொருவர் கால் மணி நேரம் வித்தியாசம் வந்தாலும் பரவாயில்லை. எதுவும் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுதுங்கள், அதற்கும் முழு மதிப்பெண் உண்டு. போனில் போட்டிருக்கும் நேரத்தைப் பார்த்து எழுதினால் மட்டும் எனக்குத் தெரிந்துவிடும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்